வேனுக்கு அடுப்பு வாங்க முன்னம்



போன மாதம் எங்கள் வேனுக்குப் பின்னால் நின்று கோழி சுடுகிற படமொன்றைப் போட்டிருந்தோம். அதைப் பார்த்துவிட்டுக் கேட்டவர்கள் பலர். "சேர், அந்த அடுப்பு எங்க எடுத்தீங்க?" "டீச்சர், எவ்ரி வேனுக்குள்ள அத வைக்க இடம் காணுமா?" எல்லோருக்கும் கடையைச் சொன்னோம், விலையைச் சொன்னோம். ஒரு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. படத்தில் இருப்பது எங்களுடைய இரண்டாவது அடுப்பு. முதலாவது ஏன் வேனை விட்டு இறங்கியது என்பதை ஊருக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது நாலு குடும்பம் எங்களைப் பார்த்து அடுப்பு வாங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இனியும் வெட்கம் பார்ப்பது சரியில்லை. கொஞ்சம் நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் வேனைச் சொல்கிறோம். கேம்பர் வேன் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். 660 சீசீ சுசுகி எவ்ரி. ஊரில் மீனும் மரக்கறியும் ஏற்றி ஓடுகிற அதே வேன்தான். நீளம் 3.4 மீற்றர், அகலம் ஒன்றரை மீற்றர்கூட இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, இனிமேல் இதைத்தான் ஓட்ட வேண்டும் என்று முடிவாகிவிட்டது. தெரிந்த தச்சு பாஸ் ஒருவர் பின் சீற்றை மடித்து மேலே போட ஒரு பலகை செய்து தந்தார். அதற்கு மேல் ஒரு மெல்லிய மெத்தை. உம்மாவும் பிள்ளைகள் இரண்டு பேரும் உள்ளே படுப்பார்கள். நாங்கள் இருவரும் வேனோடு சேர்த்துக் கட்டிய படங்குக்குக் கீழே. இரண்டு ஆசிரியர் சம்பளத்தில் ஐந்து பேர் ஹோட்டலில் தங்கி ஊர் பார்ப்பது நடக்கிற காரியமில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

சொந்த அடுப்பு ஏன் என்று சிலர் கேட்டார்கள். மலைநாட்டுப் பக்கம் எங்கள் ஆட்களின் கடைகள் இல்லாமல் இல்லை. ஆனால் நாங்கள் தேடிப் போய்ச் சேரும் நேரத்தில் அவை பூட்டியிருக்கும். தங்குமிடங்களில் கிரில் அடுப்பு வாடகைக்குத் தருவார்கள். நேற்று அதில் எதைச் சுட்டார்களோ தெரியாது. அவர்கள் மேல் குறையொன்றுமில்லை. பன்றி இறைச்சி சுட்டிருக்கக்கூடிய கம்பியில் எங்கள் கோழியை வைக்க மனம் வராது, அவ்வளவுதான். அதோடு, பிள்ளைகளுக்கு ட்ரிப் என்றால் பார்த்த இடத்தைவிடச் சுட்டுத் தின்ற கோழிதான் ஞாபகத்தில் நிற்கிறது.

அடுப்புத் தேடத் தொடங்கினோம். நான்கு வகை கண்ணில் பட்டது.

மின்சார அடுப்பு முதலிலேயே கழிந்தது. 1500 வாட் அடுப்பை 12 வோல்ட் பெற்றரியில் ஓட்டினால் 125 அம்பியர் இழுக்கும். எங்கள் வேன் பெற்றரி 40 அம்பியர் அவர்கூட இல்லை. இருபது நிமிடம்கூடத் தாங்காது. அதற்குப் பிறகு வேனை யார் தள்ளுவது?

இரண்டாவது, 2.3 கிலோ சின்னச் சிலிண்டரும் அதன் தலையில் பூட்டும் அடுப்பும். இதற்கு உம்மா ஒரே சொல்லில் மறுத்துவிட்டா. 2021 கடைசியில் நாடு முழுக்க கேஸ் அடுப்புகள் வெடித்த செய்தி நாளுக்கு நாள் வந்துகொண்டிருந்ததே, அந்த நாட்களில் உம்மா எங்கள் வீட்டுச் சிலிண்டரை முற்றத்துக்கு எடுத்துப்போய், மழையில் நனைந்தாலும் பரவாயில்லை என்று வைத்துவிட்டு விறகடுப்பில்தான் சமைத்தா. பிறகு 2022இல் கேஸே இல்லை. சிலிண்டரை வரிசையில் வைத்துவிட்டு நாங்கள் மாறி மாறிக் காவல் நின்றோம். "வீட்டுல பயந்து பயந்து வச்சிரிக்கிறது போதும். படுக்கிற எடத்துக்கும் அது வேணுமா புள்ளைகள்?" என்று உம்மா கேட்டதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

மூன்றாவது, ஸ்பிரே டின் மாதிரியான கேஸ் டின்னைப் பக்கவாட்டில் பூட்டும் தட்டையான அடுப்பு. மேலே கிரில் தட்டு ஒன்று வைக்கலாம். இதுவும் கேஸ்தானே என்று அதையும் விட்டோம்.

நான்காவது, மடிக்கிற கரி அடுப்பு. விரித்தால் எக்ஸ் எழுத்து மாதிரி நிற்கும், மடித்தால் பெரிய கொப்பி மாதிரித் தட்டையாகும். சீற்றுக்குப் பின்னால் செருகிவிடலாம். விலையும் குறைவு. கரிக்குப் பஞ்சமா? எங்கள் நாட்டுச் சிரட்டைக் கரியைத்தான் வெளிநாட்டுக்கே அனுப்புகிறோம். உம்மாவுக்கும் சந்தோஷம். வாங்கினோம்.

கடையில் நாங்கள் கேட்ட கேள்விகள் மூன்று. எவ்வளவு இடம் பிடிக்கும்? எவ்வளவு சீக்கிரம் பிடிக்கும்? ஐந்து பேருக்குப் போதுமா? எல்லாம் சரியான கேள்விகள்தான். கேட்க வேண்டிய நாலாவது கேள்வியைக் கேட்கவில்லை. சுட்டு முடிந்த பிறகு அது எவ்வளவு நேரம் சூடாக இருக்கும்? அந்த நேரம் முழுக்க அதை எங்கே வைப்பது?

முதல் எச்சரிக்கை ஊர்க் கடற்கரையிலேயே கிடைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு போய், பாரை மீன் வாங்கிச் சுட்டோம். முடிந்ததும் தணலை மணலில் கொட்டி மூடிவிட்டோம். எல்லோரும் செய்வதுதானே. ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு பந்துக்குப் பின்னால் ஓடிய மகன் அந்த இடத்தில் மிதித்துவிட்டான். உள்ளங்காலில் இரண்டு கொப்புளம். மணலில் புதைத்த தணல் அணைவதில்லை, போர்வை போர்த்தியது மாதிரி மணித்தியாலக் கணக்காக உள்ளே கனன்றுகொண்டிருக்கும். மேலே பார்த்தால் வெறும் மணல். அன்றைக்கே எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். மருந்து போட்டோம், மறந்துவிட்டோம்.

பிறகு சித்திரைப் புத்தாண்டு லீவு வந்தது. ஹப்புத்தளை போவதென்று புறப்பட்டோம். அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய. அதுவரை வெக்கை. வெல்லவாயவில் திரும்பி எல்ல மலையில் ஏறத் தொடங்கியதும் ஜன்னலால் குளிர் வந்தது. இராவணா எல்ல நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் நிறுத்தித் தேநீர் குடித்தோம். பண்டாரவளை தாண்டி ஹப்புத்தளை போய்ச் சேர அஸர் நேரம். ஒரு வீட்டுக்காரர் தன் முற்றத்தில் வேன் நிறுத்தச் சின்னதொரு வாடகைக்கு இடம் தந்தார்.

வீட்டிலிருந்தே கோழியை எருமைத் தயிர், உள்ளி, இஞ்சி, மிளகு, தேசிப்புளி போட்டு ஊறவைத்து, ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுபோயிருந்தோம். மஃரிபுக்குப் பிறகு சுட்டோம். பாணும் சம்பலும் கோழியும். அந்தக் குளிருக்குள் அப்படியொரு சாப்பாடு நாங்கள் சாப்பிட்டதில்லை.

இஷா தொழுது முடியும்போது மழை பிடித்தது. சித்திரை மாதத்து மலைநாட்டு மழை உங்களுக்குத் தெரியும், சொல்லாமல் கொள்ளாமல் கொட்டும். படங்குக்குக் கீழே தண்ணீர் ஓடியது. அடுப்பில் தணல் இன்னும் சிவப்பாக இருந்தது. மடிக்க முடியாது, தொடவே முடியாது. வீட்டுக்காரரின் விறாந்தை பலகைத் தரை, அங்கே வைக்கக் கேட்க மனமில்லை. புல்லில் கொட்டவும் மனமில்லை. உம்மா வேனுக்குள் போர்வையோடு நடுங்கிக்கொண்டிருந்தா. "அந்தத் தணலக் கொஞ்சம் கிட்ட வைங்க புள்ளைகள், முழங்கால் வெறச்சிக்கிட்டு வருது" என்றா.

ஒரு தகரத் தட்டில் தூக்கி, முன் சீற்றுக்குப் பின்னால் கால் வைக்கும் இடத்தில் வைத்தோம். புகை இல்லை. மணம் இல்லை. நன்றாகப் பிடித்த சிரட்டைக் கரி அப்படித்தான். பார்க்க மிகவும் சுத்தமான நெருப்பு. பக்கக் கதவை ஒரு சாண் திறந்து வைத்தோம். அது போதும் என்று நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் சாரல் பிள்ளைகளின் மெத்தையில் அடிக்கத் தொடங்கியது. கதவு மூடப்பட்டது.

எங்கள் இரண்டு பேரில் யார் மூடியது என்று இன்றுவரை நாங்கள் பேசிக்கொண்டதில்லை. நாங்கள்தான் மூடினோம்.

படங்கை இழுத்துக் கட்டுவதில் இருபது இருபத்தைந்து நிமிடம் போயிருக்கும். சின்ன மகள் உள்ளேயிருந்து தலையிடிக்குது என்றாள். எல்ல வளைவுகளில் வந்த களைப்பு என்று சொல்லிக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து சித்தாலேப தடவிவிட்டு மறுபடி மூடினோம். அதற்குப் பிறகு வயிற்றைப் புரட்டுகிறது என்றாள். அதையும் வளைவில்தான் போட்டோம். பிறகு உம்மா, "எனக்கும் தலை கிறுகிறுண்டு வருது" என்றா. அதற்கும் வயதுதானே என்றிருப்போம். மகன்தான் எங்களைக் காப்பாற்றினான். எந்த மலையில் ஏறினாலும் ஒன்றும் ஆகாதவன் அவன். "எனக்கும் தலையிடிக்குது" என்று அவனும் சொன்னபோதுதான் உறைத்தது. மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே வருத்தம் என்றால், அது வளைவில்லை, காற்று.

கதவுகள் எல்லாவற்றையும் இழுத்துத் திறந்தோம். அடுப்பைத் தட்டோடு மழைக்குள் எறிந்தோம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். உம்மாவால் எழும்பி நிற்க முடியவில்லை, கால்கள் சொல்லுக் கேட்கவில்லை. கொட்டும் மழையில் உம்மாவை இரண்டு பக்கமும் பிடித்து விறாந்தைக்குக் கொண்டுபோனோம். வீட்டுக்காரர் ஓடிவந்து 1990க்கு அழைத்தார். சுவசெரிய அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று பேருக்கும் ஒட்சிசன் வைத்தார்கள்.

டொக்டர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "வேனுக்குள்ளே கரி வைத்தீர்களா?" என்பதுதான். ஆம் என்றோம். விபரங்கள் எழுதும்போது என்ன தொழில் என்று கேட்டார். ஆசிரியர்கள் என்றோம். "என்ன பாடம்?" ஒருவர் தமிழ், மற்றவர் விஞ்ஞானம். அவர் பேனையை நிறுத்தி எங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏனென்றால் இது எங்கள் வகுப்பில் கரும்பலகையில் எழுதுகிற பாடம். போதிய ஒட்சிசன் இல்லாமல் கரி எரிந்தால் காபனோரொட்சைட்டு வரும். நிறமில்லை, மணமில்லை. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் அதிகமான இறுக்கத்தோடு அது ஈமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். மூச்சு வந்து போகும், ஆனால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்காது. தலையிடி, தலைச்சுற்று, வாந்தி, கால் சோர்வு, பிறகு நித்திரை. அந்த நித்திரையிலிருந்து பலர் எழும்புவதில்லை. சோதனைத்தாளில் இதைக் கேட்டால் எங்கள் பிள்ளைகள் முழுப்புள்ளி எடுப்பார்கள். நாங்களும் எடுத்திருப்போம். அந்த இரவில் மழையும் குளிரும் உம்மாவின் முழங்காலும்தான் கண்ணுக்குத் தெரிந்தன. பாடம் தெரியவில்லை.

விடியும்போது மூன்று பேரும் தெளிந்துவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ். பிள்ளைகள் பசிக்கிறது என்றார்கள்.

ஊருக்கு வந்து இரண்டு மாதம் அடுப்பு என்ற பேச்சே இல்லை. மறுபடி தொடங்கியது உம்மாதான். "புள்ளைகள் கேக்குது. வேற ஒண்டு எடுங்களன்." கேஸ் பயமில்லையா என்று கேட்டோம். "கேஸ் நெருப்பு கண்ணுக்குத் தெரியும். மூடினா அணையும். மத்தது அணைஞ்ச மாதிரிக் காட்டிக் கிட்டயே இரிந்திச்சே" என்றா. நாலாவது கேள்வியை எங்களைவிட நன்றாகக் கேட்டவ அவதான்.

அதனால் முதலில் நாங்கள் ஒதுக்கிய மூன்றாவது வகையை, அந்தக் கேஸ் டின் அடுப்பையும் வார்ப்பிரும்புக் கிரில் தட்டையும் வாங்கினோம். காரணம் ஒன்றுதான். குமிழைத் திருப்பினால் அந்த நொடியே நெருப்பு நிற்கும். நாங்கள் சாப்பிட்டு முடிக்க முன்னம் தட்டும் ஆறிவிடும். மழை வந்தால் கையில் தூக்கி வைக்கலாம். கரியின் மணம் இறைச்சிக்கு வராது, அது உண்மை. அந்த ஆசையை வீட்டு முற்றத்தில் தீர்த்துக்கொள்கிறோம்.

இதிலும் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. கேஸ் அடுப்பும் காற்றோட்டமில்லாத இடத்தில் அதே நஞ்சைத் தரும். ஆகவே எந்த அடுப்பும் வேனுக்குள்ளேயோ மூடிய படங்குக்குள்ளேயோ எரிவதில்லை. மழை வந்தால் அன்றைக்குப் பாணும் வாழைப்பழமும்தான். கேஸ் டின் 50 பாகைக்கு மேல் சூடாகக் கூடாது. எங்கள் ஊர் வெயிலில் பூட்டி நிறுத்திய வேனின் முன்பக்கம் அதைத் தாண்டும். அதனால் டின்னை அடுப்பில் பூட்டியபடி விடாமல், கழற்றி நிழலில் வைக்கிறோம். வேனை வெயிலில் விட்டுப் போவதென்றால் டின்னையும் எடுத்துக்கொண்டு போகிறோம். கிரில் தட்டு அடுப்பைவிடப் பெரிதாக இருந்து டின்னுக்கு மேலே நீண்டால், சூடு கீழே திரும்பி டின்னைத் தாக்கும். ஆகவே அளவான தட்டு எடுங்கள். இந்த அடுப்பில் கரி பற்றவைக்கவும் வேண்டாம், அதுவும் டின்னைச் சூடாக்கும். அழுத்தம் கூடினால் டின்னைத் தானாக விடுவிக்கிற பூட்டு இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். டின்னுக்குள் இருப்பது பியூட்டேன், குளிர் கூடக் கூட அதன் வேகம் குறையும். நுவரெலியாப் பக்கம் இரவில் சுடர் சோர்ந்தால் அடுப்பில் பிழை தேட வேண்டாம்.

கரிதான் வேண்டும் என்பவர்களுக்கும் சொல்கிறோம். ஒரு வாளி தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். சுட்டு முடிந்ததும் தணலைக் குறட்டால் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போடுங்கள், ஆவி அடிக்கும், முகத்தைத் தூர வையுங்கள். கையால் தொட்டுப் பார்த்துக் குளிர்ந்த பிறகுதான் வேனுக்குள் ஏற வேண்டும். மணலில் புதைக்க வேண்டாம், நாளைக்கு ஓடிவருவது உங்கள் பிள்ளையாக இல்லாவிட்டாலும் யாரோ ஒருவரின் பிள்ளை. காய்ந்த மானாப்புல் இருக்கிற மலைச்சரிவில் கரியே வேண்டாம்.

பெற்றரியில் ஓடுகிற காபனோரொட்சைட்டு அலாரம் ஒன்றும் வாங்கி வேனுக்குள் வைத்திருக்கிறோம். அது இருக்கிறது என்பதற்காக அடுப்பை உள்ளே எடுப்பதில்லை. ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டு உள்ளே நித்திரை கொள்வதும் இல்லை. அந்தப் புகையிலும் இருப்பது அதேதான்.

கடைசியாக ஒன்று. பாடசாலை தொடங்கியதும் ஒன்பதாம் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னோம். எங்கள் கதையாகவே சொன்னோம். வகுப்பு அமைதியாக இருந்தது. பின்வரிசையில் ஒரு மாணவன் எழும்பி, "சேர், எங்கட ராத்தாக்குப் புள்ள கிடைச்சிரிக்கு. அறையைப் பூட்டிட்டுத் தணல் சட்டி வச்சிரிக்காங்க. பச்சப்புள்ளைக்குக் குளிரும் எண்டு. அது பரவாயில்லையா?" என்று கேட்டான்.

இடைவேளை மணி அடிக்க முன்னமே அவனுடைய வாப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னோம்.

நாங்கள் வேன் அடுப்பைப் பற்றி எழுதத் தொடங்கினோம். ஆனால் பாருங்கள், வேன் இல்லாத வீடுகளிலும் இதே தணல் இருக்கிறது. பிள்ளை பெற்ற அறையில் இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டுச் சாம்பிராணி போடும் சட்டியில் இருக்கிறது. 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளில் விறாந்தைக்குள் வைத்து ஓட்டிய ஜெனரேட்டரிலும் இதே நஞ்சுதான் இருந்தது. கதவையும் ஜன்னலையும் திறந்து வையுங்கள். முடிந்தால் சட்டியை வெளியே வையுங்கள். வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலையிடித்தால் மாத்திரை தேட வேண்டாம். எல்லோரையும் வெளியே எடுங்கள், 1990க்கு அழையுங்கள்.

அந்தப் பழைய மடிப்பு அடுப்பு இப்போது எங்கள் முற்றத்தில் மாமரத்துக்குக் கீழே இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அதில்தான் மீன் சுடுகிறோம். சுட்டு முடிந்ததும் மகன் வாளியோடு வந்து நிற்பான். உம்மா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பா. கடைசித் தணலும் 'சுர்' என்று அணைந்த பிறகுதான் அவ வீட்டுக்குள் போவா.

அடுப்பு வாங்கப் போகிறவர்கள் போய் வாங்குங்கள். பிள்ளைகளோடு சந்தோஷமாகப் போய் வாருங்கள். நாலாவது கேள்வியை மட்டும் கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.